ஹெட்டர் அண்ணாச்சியும் கடைசி வரியும்

திருவனந்தபுரத்தில் கட்சிக்காகப் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. மதில் தகராறில் முறித்துக்கொண்டவர்கள் உண்டு. வாசலை மறைத்து ஸ்கூட்டர் நிறுத்தியதற்காக இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் குடும்பங்களும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் ஃபைலின் கடைசி வரிக்காக, அதுவும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெப்சைட் ஒழுங்காக ஓடுகிற ஒரு வரிக்காக, ஆறு பேரோடு பேச்சை நிறுத்திய மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான். நாங்கள் அவரை ஹெட்டர் அண்ணாச்சி என்போம். மலையாளிகளுக்கு ஹெட்டர் சேட்டன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டையை அவர் எப்போதும் திருப்பித்தான் போட்டிருப்பார்.

ஊர் ஓரத்தில் கழக்கூட்டம் என்கிற இடத்தில், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். நாற்பது பேர் வேலை செய்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அண்ணாச்சிதான் சர்வர் பொறுப்பு. ஒரு காலத்தில் அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் நிஜமாகவே சர்வர்கள் இருந்தனவாம். பிறகு எல்லாவற்றையும் எங்கோ மும்பையில் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின்கள் போய்விட்டன. ஏசியும் அண்ணாச்சியும் மட்டும் போகவில்லை. திருவனந்தபுரத்து வெயிலில் வெளியே நாங்கள் வெந்துகொண்டிருப்போம். உள்ளே அவர் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக, காய்ச்சலில் விழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஏசியைக் குறைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், "சர்வர் ரூமுல்லா" என்பார்.

அவருடைய சண்டை புரிய வேண்டும் என்றால் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், என் அப்பாவுக்கே புரிந்தது. வெப்சைட்டுக்காக நாங்கள் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் கோடு, வரி வரியாக, பெயர் பெயராக, மனிதர் வாசிக்கிற மாதிரி இருக்கும். அப்படியே அனுப்பினால் கனம். அதனால் இடைவெளிகளையெல்லாம் பிடுங்கி, நீளமான பெயர்களை ஒற்றை எழுத்தாக நறுக்கி, மொத்தத்தையும் ஒரே வரியாகப் பிழிந்து அனுப்புவோம். இதில் ஏதாவது கோளாறு வந்தால் பிரவுசர் என்ன சொல்லும் தெரியுமா? முதல் வரியில், நாற்பதாயிரத்துச் சொச்சமாவது எழுத்தில் தப்பு என்று சொல்லும். அதை வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். அதற்காகத்தான் சோர்ஸ் மேப் என்று கூடவே இன்னொரு ஃபைல். பிழிந்ததில் இந்த இடம், அசலில் இந்த ஃபைலில் இத்தனையாவது வரி என்று அது காட்டிக்கொடுக்கும்.

அந்த மேப் எங்கே இருக்கிறது என்று பிரவுசருக்கு யார் சொல்வது? இங்கேதான் அண்ணாச்சி நுழைகிறார். இரண்டு வழி உண்டு. பிழிந்த ஃபைலின் கடைசி வரியாக, கமென்ட் என்று ஒரு குறிப்பாக, மேப்பின் பெயரை எழுதி வைக்கலாம். அல்லது ஃபைலைத் தொடாமல், சர்வர் அதை அனுப்பும்போதே ஹெட்டர் என்று தலைப்பில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பலாம். ஊர் உலகமெல்லாம் முதல் வழியில் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி இரண்டாவது வழியில் தனியாக நின்று ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே கண்ணாடி அறையில் ஒரு மணி நேர வகுப்பு உண்டு. கம்பெனி ஏற்பாடு செய்தது அல்ல, அவராகப் பிடித்துக்கொண்டு போவது. நான் அவரை ஆள் எடுக்கிற அதிகாரி என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மக்ளே, சாலை மார்க்கெட்டுல எங்க மாமனாரு கடைக்கு வந்திருக்கியா? அரிசி மொத்தக் கடை."

"இல்ல சார்."

"சார்னு சொல்லாத. நானும் நாகரோயிலு பக்கந்தான். மூட்டையில என்ன அரிசி இருக்குன்னு எங்க எழுதியிருக்கும்?"

"மூட்டை மேல."

"மேல ஒரு சீட்டு கெட்டியிருக்கும். அரிசிக்குள்ள சீட்டப் போட்டுத் தைப்பானா எவனாவது? இங்க ஒரு கூட்டம் தைக்குது. நாளைக்கு சோத்துல கடிபடும், கேட்டியா."

கூட்டம் என்றது வெளியே உட்கார்ந்திருந்த என் டீமை. ஹெட்டர் என்றால் ஃபைலில் கை வைக்க வேண்டாம், ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் சீட்டு ஒட்டி அனுப்பலாம், வெளியாள் கண்ணில் படாது என்று விளக்கினார். நியாயமாகத்தான் பட்டது. சரி, கடைசி வரியும் இருந்து ஹெட்டரும் இருந்தால் பிரவுசர் எதைக் கேட்கும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஹெட்டருதான் ஜெயிக்கும். மேல உள்ள சீட்டத்தான் பிரவுசரு நம்பும். அது சட்டமாக்கும். ஒண்ணு மட்டும் மனசுல வை. மனுஷன் பொய் சொல்லுவான். மேப்பு சொல்லாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் தினம் நாலு தடவையாவது சொல்வார். கேட்டுக் கேட்டு எங்கள் மேனேஜருக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

ஆபீஸோடு நின்றால் பரவாயில்லை. ஊரில் உள்ள வெப்சைட்டுகளையெல்லாம் திறந்து பார்ப்பார். அந்த ஹெட்டரின் பெயருக்கு முன்னால் பழைய நாளில் ஒரு எக்ஸ் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். யாராவது இன்னும் எக்ஸோடு வைத்திருந்தால் அவர்களுக்கு மெயில் போகும். "தாங்கள் எக்ஸை இன்னமும் எடுக்காதது வருத்தமளிக்கிறது" என்று ஒரு மெயில் நானே பார்த்திருக்கிறேன். துக்கம் விசாரிக்கிற தொனி. ஒரு மத்தியானம் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து வெப்சைட்டில் கடைசி வரி வழியாக அசல் கோடு மொத்தமும் வெளியே தெரிகிறது என்று கண்டுபிடித்து, மண்டபத்துக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், எங்களுக்கும் பாடம் ஆகட்டும் என்று.

"சொல்லுங்க சார், எந்தத் தேதிக்கு வேணும்?"

"தேதி வேண்டாம். உங்க சோர்ஸ் மேப்பு வெளிய தெரியுது. ரோட்டுல போறவன் எல்லாம் பாக்கலாம்."

"அப்படியா சார்? எந்தப் பக்கம்?"

"கடைசியில. அடியில."

"கவலைப்படாதீங்க சார், முகூர்த்தத்துக்கு முந்தின நாளே துணி கட்டி மறைச்சிருவோம்."

போனை வைத்துவிட்டுக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நாங்கள் மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தோம்.

அவர் பேசாமல் இருந்த ஆறு பேரில் முதல் ஆள் சுதீஷ். ஃபைல்களைப் பிழிகிற வேலை அவனுடையது. அவன் பயன்படுத்திய கருவி கடைசி வரியைத் தானாகவே சேர்த்துவிடும். அதை நிறுத்து என்று அண்ணாச்சி சொல்ல, இவன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்க, பேச்சு நின்றது. இருவருக்கும் நடுவில் என் நாற்காலி. என் வழியாகத்தான் தூது.

"சேச்சி, ஹெட்டர் சேட்டனிடம் சொல்லு. ஒரே ஒரு வரி. அதுக்கு இவ்வளவு பஹளம் வேணோ?"

"பிள்ளே, அவன்கிட்ட சொல்லு. ஒரு வரியா அரை வரியாங்கதில்ல காரியம்."

இருவரும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார்கள். கடைசியில் சுதீஷ் நிறுத்திவிட்டதாகச் சொன்னான். எல்லோரும் நம்பினோம்.

ஆனால் எங்களுக்கு உண்மையான உபத்திரவம் சீட்டுதான். ஒவ்வொரு ரிலீஸுக்கும் மேப்பின் பெயரில் ஒரு புது எண் வரும். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும். அவர் இரண்டு தடவை உரக்க வாசிப்பார், சர்வரில் ஹெட்டரைத் தன் கையாலேயே மாற்றுவார், பிறகு மளிகைக் கடையில் பில் குத்துகிற மாதிரி ஒரு கம்பியில் அந்தச் சீட்டைக் குத்திவிட்டு, "இனி விட்டுக்கோ" என்பார். அதற்குப் பிறகுதான் ரிலீஸ். மெஷின் ஒரு நொடியில் செய்கிற வேலை என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாயிற்று. மெஷினுக்கு வெட்கம் கிடையாது, எனக்கு உண்டு என்று பதில் வரும். சீட்டு எழுதப் போகும்போதெல்லாம் நாங்கள் குல்லா மாட்டுகிற மாதிரி நடித்துக் காட்டிவிட்டுப் போவோம். அதில் நான்தான் முதல் ஆள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணாச்சி இதையெல்லாம் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கம்பெனியின் எல்லா வேலைக்கும் இனி ஹெட்டர்தான் முறை என்று அறிவிக்கச் சொல்லி ஒரு குறிப்பு. எத்தனையோ தடவை திரும்பி வந்தது. கடைசியில் மேனேஜர் சலித்துப்போய், சரி, வரும் வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதே மீட்டிங்கில் இன்னொரு தாளிலும் கையெழுத்து விழ வேண்டியிருந்தது. அது என்னுடையது. ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடிந்து என்னை நிரந்தரமாக்குகிற தாள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளை ஒரே ஒரு பெரிய கோளாறுக்காக, இதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பா வேறு, பேங்க் பரீட்சை எழுது, எழுது என்று ஆறு மாதமாகப் பாடிக்கொண்டிருந்தார். அந்தத் தாள் எனக்கு வேண்டியிருந்தது. ரொம்ப வேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் அண்ணாச்சியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் ஆயிற்றே, முந்தின சனிக்கிழமையே போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை வாடிக்கையாளர் அவசரப்பட்டார். வெளிநாட்டில் கிளினிக்குகள் நடத்துகிற பல் டாக்டர் அவர். நேரம் குறித்துக்கொள்கிற பக்கம் என் பொறுப்பு. சீட்டு யாரிடம் கொடுப்பது என்று சுதீஷ் கேட்டான்.

"கம்பியில நீயே குத்திடு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ரிலீஸ் பொத்தானை அழுத்தினேன். எண் முப்பத்தொன்பது. பக்கம் ஜோராக ஓடியது. பார்த்தாயா, சீட்டும் வேண்டாம், குல்லாவும் வேண்டாம் என்று பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனோம்.

புதன்கிழமை அந்தப் பக்கம் செத்தது. நேரத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. பல்வலிக்காரர்கள் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டார்கள், டாக்டர் மேனேஜருக்கு போட்டார், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் திரையில் பிரவுசர் மேப்பை வைத்துத் தப்பைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. என் ஃபைல். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.

"இது கண்டோ? இது யாரு எழுதினது?"

"நான்தான் சார். ஆனா இந்த வரிய போன வாரம் செவ்வாய்க்கிழமையே எடுத்துட்டேன்."

"எடுத்த வரி எப்படி இங்க நிக்குது?"

என் மெஷினில் ஒழுங்காக ஓடுகிறது என்றேன். எங்கள் தொழிலில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம் அது.

"ஹெட்டர் சேட்டன் எப்பவும் சொல்லும் அல்லே? மனுஷன் பொய் சொல்லும், மேப் சொல்லாது," என்றார் மேனேஜர். ரொம்பச் சாந்தமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார்.

இல்லாத வரிக்கு நான் குற்றவாளி. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எடுத்தேனா, எடுத்ததாகக் கனவு கண்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேங்க் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று தேடக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் கல்யாணப் பலகாரம், ஒரு பை முந்திரிக்கொத்து. முதல் வேலையாகக் குல்லாவை மாட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னவாக்கும், கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு?" என்றார். கொட்டித் தீர்த்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

"இந்த வரிய எப்ப எடுத்த?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை."

"ரிலீஸ் எப்ப?"

"இந்தத் திங்கக்கிழமை."

திரும்பிக் கம்பியைப் பார்த்தார். மேலே இருந்த சீட்டில் முப்பத்தெட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிழிந்த ஃபைலைத் திறந்து, கடைசிக்குப் போனார். அங்கே கடைசி வரி இருந்தது. சுதீஷ் நிறுத்தியதாகச் சொன்னது சும்மா. அந்த வரியில் முப்பத்தொன்பது என்று சரியாக எழுதியிருந்தது. ஹெட்டர் மட்டும் இன்னமும் முப்பத்தெட்டை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் இருந்தால் பிரவுசர் ஹெட்டரைத்தான் நம்பும், சட்டம் அதுதானே. அதனால் புதன்கிழமையிலிருந்து அது புதுத் தப்பைப் பழைய மேப்பில் தேடி, என் செத்துப்போன வரியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணாச்சி குல்லாவைக் கழற்றினார். அவர் தலைமுடியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிட்டால் முடிந்தது. ஏன் முன்னால் வேறு வரியைக் காட்டியது என்று கேட்டால் கேஷ் பிரச்சினை என்று சொல்லிவிடலாம். எங்கள் தொழிலில் எந்தப் பாவத்தையும் கழுவுகிற வார்த்தை அது. பிரவுசர் பழசைச் சேமித்து வைத்துக்கொண்டது என்று அர்த்தம், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். நானே சொன்னேன்.

"கேஷ்னு சொல்லிருவோம் அண்ணாச்சி. மீட்டிங்ல உங்க குறிப்பும் இருக்குல்லா."

"வா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மீட்டிங் அறையில் பதினோரு பேர். மேனேஜர் முன்னால் இரண்டு தாள்கள். அண்ணாச்சி உட்காரவில்லை.

"சார், அந்தப் பிள்ள சொன்னது நெசம். அந்த வரி இப்ப கோடுல இல்ல. பழைய மேப்பு போயிருக்கு."

"மேப் பொய் சொல்லாதுன்னு தாங்கள்தானே..."

"மேப்பு சொல்லல்ல. பழைய மேப்ப நீட்டினது நான். கடைசி வரியில சரியான நம்பருதான் இருக்கு. கமென்ட் சரி. என் ஹெட்டரு தப்பு."

அந்த அறையில் ஆறு பேர் இந்த வார்த்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுதீஷ்தான் எழுந்தான். இடையில் என்னை வைக்காமல் நேராக அவரிடமே பேசினான்.

"சேட்டா, திங்கக்கிழமை ஞங்ஙள் சீட்டு தந்நில்லல்லோ."

அது நான் சொல்லியிருக்க வேண்டியது. நான் வாயைத் திறக்கவில்லை, என் தாள் மேஜைமேல் இருந்தது.

"தரல்ல, சரி. ஆனா ஹெட்டரு என் கையிலல்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி. அங்கேயே மேனேஜரின் கம்ப்யூட்டரில் குனிந்து எண்ணை மாற்றினார். பக்கத்தைத் திரும்பத் திறந்து பொத்தானை அழுத்தினார். திரையில் நிஜமான தப்பு வந்தது, வேறொரு ஃபைலில் வேறொரு வரி. அதை யார், எப்போது சேர்த்தது என்று பதிவில் பார்த்தார். ரிலீஸுக்கு முந்தின சாயங்காலம், புதன்கிழமையிலிருந்து அமலாகிற மாதிரி, யாரிடமும் சொல்லாமல் சேர்த்த வரி. பெயர் மேனேஜருடையது.

எல்லோரும் எட்டிப் பார்த்துப் பெயரை இன்னொரு தடவை வாசித்தார்கள்.

"ஓ, அது ஒரு சின்ன சேஞ்ச்," என்றார் மேனேஜர். என் தாளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு பக்கக் குறிப்பை ஓரமாகத் தள்ளி, "இது பின்னே நோக்காம்," என்றார். அந்தப் பின்னே வரவே இல்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. ஹெட்டர் முறையில் கடுமையான கோளாறு கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகவும், இனி கடைசி வரிதான் என்றும், இப்படிப்பட்ட தவறுகளைக் கம்பெனி பொறுத்துக்கொள்ளாது என்றும் எழுதியிருந்தது. பல்வலிக்காரர்களைத் தவிக்கவிட்ட அந்தச் சின்ன சேஞ்சைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஹெட்டரை எடுக்கிற வேலையையும் அண்ணாச்சிக்கே கொடுத்தார்கள். எடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"நான் சீட்டு தரலேன்னு நீங்க சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி. தப்பு என் மேலதான்."

"சொன்னா அவரு உன் தாள்ல ஒப்பு போட்டிருப்பாரா?" என்று முந்திரிக்கொத்துப் பையை என் பக்கம் தள்ளினார். "தின்னு. மாவு கொஞ்சம் ஜாஸ்தி. மாப்பிள்ள வீட்டுக்காரன் செஞ்சது."

ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் தின்றேன். நிஜமாகவே மாவு ஜாஸ்திதான்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். சுதீஷோடு பேச ஆரம்பித்தார், மேனேஜரோடு பேச்சை நிறுத்தினார், ஆகப் பழையபடி ஆறு பேர். ஹெட்டர்தான் சரி, தப்பு பண்ணினது ஆள் என்று அடுத்து வந்த பெண்ணுக்கு ஒரு மணி நேரம் வகுப்பும் எடுத்தார்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே எல்லாம் மெஷினே பார்த்துக்கொள்கிறது, அண்ணாச்சிக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னால் எண்ணை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரண்டு தடவை வாசிப்பாராக இருக்கும், பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். "இனி விட்டுக்கோ மக்ளே" என்று அவர் எழுதுகிற வரைக்கும் நான் பொத்தானைத் தொடுவதில்லை.